வண்டி பார்க்க வந்தவர்

“இந்த வண்டிய வாங்காதீங்க தம்பி. மேடு ஏறாது” என்று வாசலிலேயே நின்று சொன்னாள் அந்த வீட்டு அம்மா.

வண்டி பார்க்க வந்த தச்சருக்குச் சுருக்கென்றது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ரெண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருக்கிறார். ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, அதற்குள் இப்படி ஒரு வரவேற்பு.

அலைச்சல் அவருக்குப் புதிதில்லை. பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று மாதக்கணக்காக நாயாய்ப் பேயாய் அலைகிறார். பார்த்த வண்டிகளில் ஒன்றுக்கு அடிச்சட்டம் முழுக்க ஒட்டு. இன்னொன்றுக்குப் பேப்பர் வேறு யார் பேரிலோ இருந்தது. வாடகை வண்டிக்காரர்களோ அவசரத்துக்குப் போனையே எடுப்பதில்லை. போன வாரம் அவர் செய்து முடித்த பீரோ, போக வேண்டிய நாளில் போகாமல் பட்டறையிலேயே நின்றது. ஆர்டர் கொடுத்தவர் கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொண்டார். இன்னும் ரெண்டு பேர் இப்படிக் கைவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, இந்த வயதில் இன்னொருத்தரிடம் கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். ஆயுசெல்லாம் டிரைவர். இடது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து ஓட்டுவதில்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி பளிச்சென்று இருந்தார்.

“பானட்டத் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருக்கா? ஸ்டார்ட் ஆகாத வண்டிய முன்னாடியே சூடு பண்ணி வச்சு ஏமாத்துற ஆள் நானில்ல.”

ஜில்லென்றுதான் இருந்தது. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் வண்டி உறுமியது. கொஞ்சம் கறுப்புப் புகை, அப்புறம் அதுவும் இல்லை.

வீட்டுக்காரருக்கு வாய் ஓயவில்லை. எந்த மலைப்பாதையில் எவ்வளவு சுமையோடு போனார், எந்த மழையில் எங்கே மாட்டிக்கொண்டார், இறக்கத்தில் பிரேக்கை எப்படி மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் ஒன்று சொன்னால் அந்த அம்மா பின்னாலிருந்து ஒன்று வெட்டினாள். ரெண்டாவது கியர் விழாது என்றாள். ஆயிலைக் குடிக்கும் என்றாள். கிளட்ச் போயே போச்சு என்றாள்.

“நீ சும்மா இரேன்” என்றார் அவர், முகம் சுண்டிப்போய்.

கட்டின புருஷனை வெளியாள் முன்னால் இப்படியா காலை வாருவது? தச்சருக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஓட்டிப் பார்த்தார். தெருக்கோடி மேட்டில் வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. ரெண்டாவது கியர் சொன்னபடி கேட்டது. அந்த அம்மா சொன்னது அத்தனையும் வடிகட்டின பொய்.

இறங்கும்போதே அவர் முடிவு பண்ணிவிட்டார்.

“எனக்குப் பிடிச்சிருக்குண்ணே. பேப்பரக் காட்டுங்க, இன்னிக்கே முடிச்சுக்கலாம்.”

வீட்டுக்காரர் பானட்டை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு மெல்ல உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் அந்த அம்மா கிட்டே வந்தாள்.

“தம்பி, வேணாம்னு சொல்லிட்டுப் போயிடுங்க.”

தச்சருக்குப் பொறுக்கவில்லை. “ஏன்க்கா, தங்கமான வண்டி. பொய் பொய்யாச் சொல்லி வர்ற ஆள விரட்டுறீங்க. விக்க மனசில்லாதவங்க எதுக்கு விளம்பரம் குடுத்தீங்க? நான் வேலையப் போட்டுட்டு வந்திருக்கேன்.”

“தப்புதான். விளம்பரம் குடுத்தது நான்தான்” என்றாள். “கால் போனதுலேருந்து சுவரப் பாத்துப் படுத்தே கிடக்குறாரு. சோறு திங்கக்கூட எழுந்திருக்க மாட்டாரு. வண்டி பாக்க யாராவது வர்றாங்கன்னா அன்னிக்கு மட்டும்தான் எழுந்து குளிச்சு, சவரம் பண்ணி, வெளிய வந்து நாலு வார்த்தை பேசுறாரு. இத நீங்க ஓட்டிட்டுப் போயிட்டா, அப்புறம் அவரப் பாக்க யாரு வருவா?”

தச்சர் வண்டியைப் பார்த்தார். இதுபோல இன்னொன்று கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். உள்ளேயிருந்து தடி ஊன்றும் சத்தம் நெருங்கி வந்தது.

“அண்ணே, வண்டி அருமை. ஆனா வீட்ல ஒரு வார்த்தை கேட்டுடுறேனே” என்றார்.

“தாராளமா. இது எங்க போயிடப் போகுது?” என்ற வீட்டுக்காரர், எடுத்து வந்த பேப்பரைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகத் திணித்துக்கொண்டார். இப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

தச்சர் பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தார். நாளைக்கும் வாடகை வண்டிக்காரனிடம்தான் கெஞ்ச வேண்டும். பிறகு போனை எடுத்துத் தன் சிநேகிதனான பெயின்டரைக் கூப்பிட்டார்.

“டேய், ஒரு பிக்கப் விலைக்கு வந்திருக்கு. அடுத்த வாரம் போய்ப் பாத்துட்டு வா.”

“எனக்கு எதுக்குடா பிக்கப்? எனக்கு ஓட்டவே தெரியாதே.”

“அது தெரிஞ்சுதான்டா உன்னக் கூப்பிட்டேன்.”