மூன்றாம் வளைவு

காலையில் வெள்ளவத்தையிலிருந்து ஐந்து சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்த குகதாசன், தன் முதல் மோட்டார் சைக்கிள் போட்டியில் நாலாவதாகப் பறக்கிறான். மூன்றாம் வளைவில் ஒருத்தன் விழுந்து கிடக்க, காக்கிச் சட்டைக் கொடிக்காரர் மெதுவாகப் போகச் சொல்லி மஞ்சள் கொடியை ஆட்டுகிறார். குகதாசன் ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கிறான், ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். வெயிலில் தார் மணக்கிறது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக உறுமிக்கொண்டு கடந்துபோகிறார்கள். “ஏன் மச்சான் நிப்பாட்டின? ஓடு!” வேலிக்கு அப்பாலிருந்து கூட்டாளி ஷிப்லி கத்துகிறான். அப்போதுதான் குகதாசன் தன் கையைப் பார்த்துத் திடுக்கிடுகிறான். அது அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறது. கொடிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அதை வாங்கி, படத்தையும் முகத்தையும் பார்க்கிறார். “யன்ன மல்லி, யன்ன,” போ தம்பி என்று சிங்களத்தில் சொல்லிக் கையை அசைக்கிறார். அந்தக் கையில் அட்டை இருக்கிறது. குகதாசன் நிற்கிறான்.