சர்க்கரை கம்மி

"அலைச்சறுக்கு ஆடறவங்க கால் வழுக்காம இருக்கப் பலகையில பூசற மெழுகு கடல்ல கலந்து மீனெல்லாம் சாகுதாம். உங்க பட்டறையை மூடச் சொல்லிப் புகார் வந்திருக்கு" என்றபடி பட்டறை நாற்காலியில் சாய்ந்தார் மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்.

"ஐயோ, அது பெட்ரோலிய மெழுகு சார். நான் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் தவிர வேற எதையும் தொடறதில்லை" என்றார் மெழுகுக்காரர்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. ஆய்வகம் சொல்லட்டும். மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் பூட்டுதான்."

பேச்சுவாக்கில், மேஜைமேல் இருந்த தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மெழுகுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், அது வந்து..."

"தின்னக் குடுத்தெல்லாம் என்னைச் சரிக்கட்ட முடியாது. பல்லுல ஒட்டுது, ஆனா வாசனை ஜோர். சர்க்கரையும் கம்மி, என் உடம்புக்கு ஏத்தது."

இரண்டாவது துண்டும் உள்ளே போனது.

டீயோடு வந்த மெழுகுக்காரரின் மனைவி தட்டைப் பார்த்துப் பதறினாள். "என்னங்க, ஆற வச்ச மெழுகுல ரெண்டு துண்டைக் காணோம்?"

ஆய்வாளரின் தாடை அப்படியே நின்றது. வயிற்றைத் தடவிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாயிலிருந்ததைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, படிவத்தை இழுத்து எழுதினார்:

'மாதிரி: இரண்டு துண்டு. ஆய்வு முடிந்தது. உயிரினங்களுக்குப் பாதிப்பில்லை.'

மெழுகுக்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். வாசல்வரை போன ஆய்வாளர் திரும்பினார்.

"இன்னும் நாலு துண்டு கட்டிக் குடுங்க. இன்னிக்கு என் மச்சான் வீட்டுக்கு வரான்."