பின்சீட்டுப் பிள்ளைகள்

பழைய காரைப் புதுப்பிக்கக் கொடுத்தால், அதன் மெத்தையில் ஊறிய குரல்களையும் பட்டறைக்காரர்கள் மீட்டுத் தந்துவிடுகிறார்கள். பிள்ளையில்லாத வசுமதியும் பூபாலனும் வாங்கிப் புதுப்பித்த அம்பாசிடரின் பின்சீட்டில், எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஓர் அண்ணனும் தங்கையும் ஜன்னலோரத்துக்காக ஓயாமல் சண்டை போட்டார்கள். அதைக் கேட்டால்தான் வசுமதிக்குச் சோறு இறங்கியது.

பூபாலன் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினான். "இன்னிக்கு அந்தச் சத்தத்தை அழிச்சிடலாம் வசு."

"பசங்கன்னா சத்தம் போடத்தாங்க செய்யும்."

"எந்தப் பசங்கடி? பின்னாடி வெறும் மெத்தைதான் இருக்கு."

சண்டை சட்டென்று நின்றது. இதுவரை தங்களுக்குள் மட்டுமே பேசிய குரல்களில் ஒன்று, வசுமதியின் காதருகே நடுங்கியது.

"அம்மா, மாமா எங்களை இறக்கிவிடப் போறாரா?"

பூபாலனின் முகம் வெளுத்தது. வசுமதி எட்டி, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நீங்க இறங்குங்க."