சீனி போடாத தேத்தண்ணீர்

எங்கள் வீட்டுப் படலைக்குள் கால் வைத்ததும் வயல் செய்கிற கமக்கார வீட்டு ஆட்களுக்குச் சீனி வருத்தம் வந்துவிடும்.

மீன் வாங்க வருவார்கள். நின்று சிரித்துக் கதைப்பார்கள். தேத்தண்ணீர் ஊற்றட்டோ என்று கேட்டால் மட்டும், "ஐயோ, எனக்குச் சீனியெல்லோ, இனிப்புக் கூடாது" என்பார்கள். அதே ஆட்கள் கலியாண வீட்டில் இரண்டாம் துண்டு கேக்குக்குக் கை நீட்டியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடற்தொழில் செய்கிற சாதியின் வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்பதை இப்போது இப்படித்தான் சொல்கிறார்கள். முந்தி முகத்துக்கு நேரே சொன்னார்கள். அது இதைவிடப் பரவாயில்லை.

தயாபரன் அண்ணையும் கமக்கார வீட்டு ஆள்தான். ஆனால் அவருக்கு உண்மையாகவே சீனி வருத்தம்.

சீனி வருத்தக் கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை நோயாளிகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, சோடியாக நடக்கச் சொல்லி அனுப்பினாள். என் மனுசன் அம்புறோசுக்கு வாய்த்த சோடி அவர்.

பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற ரைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கரம்பொன்னிலிருந்து சைக்கிளில் வந்து, அதைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு, காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் படலைக்கு வெளியே நிற்பார். மழையென்றால் குடையோடு நிற்பார். அம்புறோசுக்குக் கால் நோகிறது என்றால், "நோகிற காலை வீட்டில வைச்சிட்டு மற்றக் காலோட வாரும்" என்பார்.

கடற்கரையில் சிலையாக நிற்கும் அந்தோனியார் சுருவம் வரை போய்த் திரும்பினால் நாலு கிலோமீற்றர். அதுதான் அவர்களுடைய நடை.

ஒரு சட்டமும் வைத்திருக்கிறார். இனிப்புத் தின்று பிழை விட்டால் அன்றைக்கே இரண்டாம் தரம் நடக்க வேண்டும். அம்புறோஸ் ஒருமுறை மருமகள் வீட்டில் தொதல் தின்றுவிட்டு, மத்தியான வெயிலில் நடந்தார். தயாபரன் அண்ணைக்கு அந்தத் தேவை வந்ததேயில்லை. சொந்த மகளின் கலியாணக் கேக்கையே தொடாத மனிதர்.

நாலு மாதம் இப்படி ஓடிவிட்டது. போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலைக்கு மேலே விழுந்த என் மனுசன், இப்போது விடியப் பாட்டுப் பாடிக்கொண்டு செருப்புத் தேடுகிறார். சாராயப் போத்தலில் நான் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். டொக்டர்மார் செய்ததைவிட அந்த ரைம்கீப்பர் செய்தது பெரிது. கோயிலில் அவருக்காக மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். அவருக்கு அது தெரியாது.

ஆனால் ஒரு நாளும் உள்ளே வாருங்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டு, அவரும் "எனக்குச் சீனி" என்று சொல்லிவிட்டால், உண்மையாக இருந்தாலும் என்னால் நம்ப ஏலாது. பிறகு அந்த முகத்தைப் பார்க்க மனம் வராது. அம்புறோசுக்கும் வராது. நடை நின்றுவிடும்.

இன்றைக்கு அம்புறோசுக்கு அறுபது வயது. நடந்து திரும்பிய வேர்வையோடு தயாபரன் அண்ணையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, கதிரையில் இருத்தி, "ஜெயந்தா, அண்ணைக்குத் தேத்தண்ணி" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். ஆம்பிளையளுக்கு எல்லாம் லேசு.

குசினிக்குள் ஓடினேன். என்ன எடுத்தேன், என்ன ஊற்றினேன் என்று தெரியாது. அம்புறோசுக்காக நானும் சீனியை விட்டு நாலு மாதம். கேத்திலில் ஒன்றாக ஆற்றி, மூன்று கோப்பைகளில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

"வெறுந்தேத்தண்ணி அண்ணை. சீனி போடேல்லை" என்றேன். இனிச் சாட்டுச் சொல்ல இடமில்லை என்ற கெறுவும் செருக்கும் குரலில் இருந்திருக்கும்.

வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். நிறுத்தினார்.

முகம் மாறியது. கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரி, இவரும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவர் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து, கோப்பையை அடி தெரியக் கவிழ்த்துக் காட்டிவிட்டு வைத்தார்.

"நல்லாயிருக்கு, தங்கச்சி. நாளைக்கும் வருவன், ஊத்தி வையும்."

அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

அம்புறோஸ் துவாயோடு வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை ஏன் திரும்பவும் சுருவத்துப் பக்கம் போறார்? சைக்கிள் நிக்கிறது மற்றப் பக்கமெல்லோ."

எனக்கும் விளங்கவில்லை. என் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தேன்.

தேன் போல இனித்தது.

முப்பது வருடமாக, விருந்தாளி என்றதும் சீனிப் போத்தலுக்குப் போய்ப் பழகிய கை. இன்றைக்கும் அது தன்பாட்டில் போயிருக்கிறது.

அம்புறோஸ் தன் கோப்பைக்குக் கை நீட்டினார். நான் அதைப் பறித்து முற்றத்தில் ஊற்றினேன்.

"செருப்பைக் கொழுவுங்கோ. அண்ணை தனிய நடக்கிறார்" என்றேன்.

என் செருப்பையும் தேடினேன். பிழை விட்டது நான்தானே.