திருப்பித் தந்தது

“செத்தவனைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாதுதான். ஆனா திருட்டுன்னா திருட்டுதானே, ஜொவிட்டா?”

பரத்வாஜ் கொதித்துக்கொண்டிருந்தார். பெருங்குடி ஆபீஸில் அவர்தான் டீம் லீட்; ஜொவிட்டா அவர் டீமில் புரோகிராமர். வருகைப்பதிவு சாஃப்ட்வேரை எழுதிய ஆம்ப்ரோஸ் மாரடைப்பில் போய் ஒரு மாதம் ஆகிறது. இப்போது ஆடிட்டில் கணக்கு உதைக்கிறது. யாரோ தாமதமாக வந்ததையெல்லாம் அந்த சாஃப்ட்வேரே சரியான நேரமாக மாற்றியிருக்கிறது. யாருக்காக என்ற விவரம் மட்டும் அழிந்துபோயிருந்தது.

“வேற யாருக்கு? தனக்குத்தான் பண்ணிண்டிருப்பான். ஹெச்.ஆருக்கு மெயில் ரெடி.”

செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. அது ஒரு வசதி.

“பரத், இன்னைக்கு சாயங்காலம் சாந்தோம் சர்ச்ல அவருக்கு முப்பதாம் நாள் பூசை. அவர் வைஃப் வெரோனிகா அக்கா நம்ம எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. இன்னைக்குப் போய் அவர் பேரைக் கெடுக்கணுமா? ஒரு தடவை பாத்துட்டு அனுப்புங்களேன்.”

“எதைப் பாக்கறது? அவன் எழுதின கோடே லேப்டாப்போட போயிடுத்து.”

“சர்வர்ல ஓடுற, கம்பைல் பண்ணின லைப்ரரி இருக்கே. உள்ள எப்படி எழுதியிருக்கார்னு படிக்க முடியாது. ஆனா ஒவ்வொரு ஃபங்ஷனோட பேரும், அது என்னென்ன வாங்கிக்கும்கிறதும் ஒரே கமாண்டுல வந்துடும்.”

ஜொவிட்டா கறுப்புத் திரையில் nm -D -C என்று அடித்து, லைப்ரரியின் பெயரையும் சேர்த்தாள். வரிசையாகப் பெயர்கள் ஓடின, ஒவ்வொன்றும் அந்த சாஃப்ட்வேர் செய்யும் ஒரு வேலையின் பெயர். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், விடுமுறை. எல்லாம் இருக்க வேண்டியவைதான்.

ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

மாளவிகா(ஊழியர், தேதி)

“மாளவிகான்னு நம்ம ஆபீஸ்ல யாரும்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பரத்வாஜின் மேஜையில் சந்தனப் பொட்டு வைத்த சின்னப் படம் இருந்தது. போன வருஷம் கான்சரில் போன அவர் மனைவி மாளவிகா.

பரத்வாஜ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தெனம் காலம்பர அவளை ரேடியேஷனுக்கு அழைச்சுண்டு போயிட்டு மத்தியானம்தான் வருவேன். ஏன் லேட்டுன்னு ஒருத்தரும் கேக்கலை. ஹெச்.ஆர்ல யாரோ நல்லவா இருக்கான்னு நெனச்சுண்டேன். ஆம்ப்ரோஸ் ஒரு வார்த்தை சொல்லலையே என்கிட்ட.”

மெயிலை அழித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று ஜொவிட்டா சொன்னாள். “அது என்ன வாங்கிக்கும்னுதான் இதுல தெரியும், பரத். என்ன திருப்பித் தரும்னு காட்டாது.”

“எனக்குத் தெரியும்மா,” என்றார் பரத்வாஜ். “அவளோட கடைசி நாளையெல்லாம் எனக்குத் தந்தது.”