மூடியைத் திறக்காதீங்க

"ரெண்டு சொட்டு எசென்ஸ் ஊத்தினா என்ன, குடியா முழுகிடும்?" என்று மாமியார் பாட்டிலைச் சமையல் மேடையில் 'டக்'கென்று வைத்தார்.

மருமகள் முட்டை அடிப்பதை நிறுத்தவில்லை. "மூடியைத் திறக்காதீங்க அத்தை. அதுல ஆல்கஹால் இருக்கு."

"எங்கே இருக்கு?"

"பின்னாடி பாருங்க. பொடி எழுத்துல போட்டிருக்கும்."

மாமியார் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். இருக்கத்தான் செய்தது. அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவாரா என்ன? பேத்தியின் பிறந்தநாளுக்கென்று புடவைக்குள் சுற்றி, உடையாமல் ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டில் அது.

"அடுப்புல வெந்தா எல்லாம் ஆவியாப் போயிடும். உன் புருஷனோட ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இதைத்தான் ஊத்தினேன். அவன் என்ன குடிகாரனாவா வளர்ந்து நிக்கிறான்?"

மருமகள் அலமாரியிலிருந்து வெனிலாப் பொடி டப்பாவை எடுத்து, ஒரு ஸ்பூன் மாவில் போட்டுக் கலந்தாள். டப்பாவின் மேல் ஹலால் முத்திரை இருந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார். ஜெலட்டின், சாக்லேட், கேக்கின் மேல் தூவுகிற கலர் மிட்டாய் என்று அலமாரியில் இருந்த எல்லாவற்றிலும் அதே முத்திரை.

"ஓ, சேதி இதுதானா! கேக் சுட்டு விக்கிறாளே எதிர்வீட்டுக்காரி, அவ பாடம் எடுத்திருக்காளா?"

"ஆமா, அவங்கதான் கடைக்குக் கூட்டிட்டுப் போய்க் கத்துக்கொடுத்தாங்க. எசென்ஸ், கலர், கிரீம்னு எதுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்கும்னு அவங்களுக்கு அத்துப்படி. இந்த முத்திரை இருந்தா ஆல்கஹால் இருக்காது, நான் பயப்படாம வாங்கலாம்."

"சரி, அவ பிள்ளைங்க சாப்பிட வருதுன்னா தனியா ஒண்ணு சுடு. நான் வேண்டாங்கல. நம்ம ஆளுங்களுக்கு நான் ஒண்ணு சுட்டுக்கறேன்."

நியாயமான பேச்சுதான். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நிற்கும்போது இப்படி ஒரு நியாயம் கிடைப்பதே அபூர்வம். மருமகள் அதையும் தட்டிவிட்டாள்.

"தாராளமா சுடுங்க. அந்தப் பாட்டில் மட்டும் வேண்டாம்."

"என் கேக்குல என் எசென்ஸை ஊத்தறதுக்கு உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"இந்த வீட்ல அந்த மூடி திறக்கக் கூடாது அத்தை."

சத்தம் கேட்டு, பாதி ஊதிய பலூனோடு மகன் ஓடி வந்தான்.

"என்னடா இவ? மதம் கிதம் மாறிட்டாளா?"

"அம்மா, அது வந்து..."

மனைவி பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். கையிலிருந்த பலூன்தான் 'புஸ்'ஸென்று மூச்சு விட்டது.

"மாறிட்டதாவே வெச்சுக்குங்க" என்றாள் மருமகள். கரண்டியைக் கீழே வைத்தாள். "சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. என் கேக்கைத் தொடவே வேண்டாம். அதுக்காக அந்த மூடியைத் திறக்க விடமாட்டேன்."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் கிளம்பறேன். பாட்டி எங்கேன்னு குழந்தை கேட்டா, நீயே பதில் சொல்லிக்கோ."

அவர் பெட்டியைக் கட்ட உள்ளே போனார். பாட்டில் மேடையிலேயே நின்றது.

மருமகள் ஜன்னலைத் திறந்து, முகத்தை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டாள். "நீங்களே சிங்க்ல கொட்டிடுங்க. குழாயை நல்லாத் திறந்து விடுங்க" என்றாள் கணவனிடம்.

அவன் பாட்டிலைக் கவிழ்த்தான். வாசனை முழுக்கப் போகும்வரை தண்ணீரை ஓட விட்டான்.

"அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாமே. எதுக்கு வீணா இந்தப் பேரை வாங்கிக்கறே?"

"அந்தப் பேருக்கு என்ன குறைச்சல்? என்னைக் காப்பாத்தினதே அந்த முத்திரைதான்" என்றாள் அவள், திரும்பாமலேயே. "மதம் மாறிட்டேன்னு நெனச்சா அத்தைக்குக் கோபம்தான் வரும், நாலு நாள்ல ஆறிடும். ஒரு கேக்குகூட சுடாத அந்த வருஷம், இந்த வீட்ல எசென்ஸ் பாட்டில் பாட்டிலா காலியாச்சே, அத்தனையும் குடிச்சுத் தீர்த்தவ நான்தான்னு தெரிஞ்சா, குழந்தையை என்கிட்ட விட்டுவைப்பாங்களா?"