ஆறாவது சீட்டு

"இதுதான் கடைசி சீட்டு. இதுலயும் நூத்தி இருபதுன்னா ஆபரேஷனை மறந்துடு."

லாஸ்பேட்டை கிளினிக் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபடி மனைவி மஹ்பூபாவிடம் எரிந்து விழுந்தான் கலீலுல்லா. உடம்பு இளைப்பதற்கான வயிற்று ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் போட்ட நிபந்தனை அது. ஆறு மாதம் பத்தியம் இருந்து, கொஞ்சமாவது எடை குறைந்ததாக மாதாமாதம் சீட்டு காட்ட வேண்டும். ஐந்து சீட்டிலும் 120 கிலோ.

"திருட்டுத்தனமா எதையும் தின்னலைங்க. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, பாருங்க."

"துணி நைஞ்சா அப்படித்தான் இருக்கும்."

மூன்றாம் மாதமே பிரிட்ஜைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன் அவன்.

உள்ளே மஹ்பூபா எடை மெஷினில் ஏறினாள். முள் 120-இல் போய் நின்றது. நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

"இருங்க சிஸ்டர்" என்ற கலீலுல்லா, மஹ்பூபாவின் தோளில் தொங்கிய, மருத்துவ பைல்கள் அடைத்த பையை வாங்கிக்கொண்டான்.

முள் அசையவில்லை.

குனிந்து பார்த்தான். 120-க்கு மேல் அதில் எண்ணே இல்லை.

"இந்த மெஷின்ல அவ்ளோதான் சார். அதான் மாசாமாசம் அதையே எழுதினேன்" என்றாள் நர்ஸ்.

வெளியே வந்ததும் கலீலுல்லா பிரிட்ஜ் சாவியை எடுத்து நீட்டினான்.

"மறுபடி முதல்லேர்ந்து ஆறு மாசம் இருக்கணுமில்ல? உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் மஹ்பூபா. "எனக்குப் பசி பழகிப்போச்சு."